நிறுத்துப் பலகை

ஆறே முக்காலுக்குத் தலை எண்ணுவேன்.
அன்றைக்கு இருபத்து மூன்று.
கலவை மிஷின்காரனைச் சேர்த்தால் இருபத்து நான்கு;
அவன் எண்ணவிட மாட்டான்.
மிஷினும் வேறு ஆளுடையது
தானும் வேறு ஆளுடையவன் என்பான்.

மோர்ப்பண்ணைக் கரையில்
மீன் ஏலக் கூடத்துக்குத் தளம் போடும் நாள்.
பலகைக்கு எண்ணெய் பூசியாயிற்று.
கம்பிக்கடியில் கவர் கட்டை வைத்தாயிற்று,
ஒன்றை விட்டாலும் உப்புக் காற்று
அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.
முதல் சட்டி ஏறுமுன்
காத்தமுத்து சூடம் காட்டினான்.
பாக்கியத்தாய் சிலுவை போட்டுக்கொண்டாள்.
தீனபந்து கண்ணை மூடி
ஒடியாவில் எதையோ முணுமுணுத்தான்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
தளம் போடும் நாளில் மேஸ்திரிக்கு அதுதான் சாமி.

பிறகு கைதான், கைதான், கைதான்.
சட்டி போகும், வெறுஞ்சட்டி வரும்.
யாரும் யாருடைய பெயரையும் சொல்ல வேண்டியதில்லை.

பதினொன்றரைக்குத் தொட்டி வறண்டது.
ஆர்.எஸ். மங்கலம் தாண்டி
அச்சு முறிந்து கிடந்தது தண்ணீர் லாரி.
"மெக்கானிக் சாப்பிடப் போயிருக்காரு அண்ணே."
என்ஜினியருக்குப் போன் போட்டேன்.
"போர்த் தண்ணிய விடுங்க.
சிமெண்டுக்கு என்ன நாக்கா இருக்கு?"

ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு.
பாக்கியத்தாய் போய் மோட்டாரைத் தட்டினாள்
உள்ளங்கையில் பிடித்தாள்
வாயில் வைத்துத் துப்பினாள்.
"இதுல கருவாடு போடலாம்" என்றாள்.
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பு முடிந்தபின் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நாலு வருசம் முன்னால்
ஏர்வாடிப் பக்கம் ஒரு வீட்டுச் சன்ஷேடுக்கு
இதே மாதிரித் தண்ணீரை விட்டவன் நான்.
இப்போது அது கம்பி தெரிய
வாய் பிளந்து நிற்கிறது.
அந்த வழியாகப் போனால்
பஸ்ஸில் மறுபக்க ஜன்னலில் உட்காருவேன்.
இதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.
"நிறுத்துப் பலகைய எடுத்துட்டு வா" என்றேன்.

இரண்டு உத்தரத்துக்கு நடுவில்
பலகையைச் செங்குத்தாக நிறுத்தி ஆணி அடித்தோம்.
இந்தப் பக்கம் தளம்.
அந்தப் பக்கம் வெறும் கம்பி,
அதற்குக் கீழே கடல் வெளிச்சம்.

"அரைநாள்தானா மேஸ்திரி?"
காத்தமுத்து சத்தமாகக் கேட்கவில்லை,
சத்தமாகக் கேட்டிருந்தால் சுலபமாயிருக்கும்.
"முழுசு" என்றேன்.
வாய் சொன்னபிறகுதான் மனசு கணக்குப் போட்டது:
சென்ட்ரிங் வாடகை ஒரு நாள் கூட,
காண்ட்ராக்டர் தரமாட்டார்,
மகள் பீஸுக்கு வைத்திருந்ததில் கை போகும்.
"அப்ப எனக்கு?" என்றான் மிஷின்காரன்.
அந்த ஒரு தடவை
தன்னையும் எண்ணச் சொன்னான்.

மதியம் முழுக்க முட்டுக் கம்புகளுக்கு நடுவே
ஆளாளுக்கு ஒரு நிழல் பார்த்துத் தூங்கினார்கள்.
தீனபந்து வீடியோவில்
யாருக்கோ கடலைக் காட்டிக்கொண்டிருந்தான்,
தான்தான் அதைக் கட்டியது போல.
ஏலக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து
"பாதிக் கூரையில பாதி மீனுக்குத்தான்யா நிழலு" என்றார்.
பதில் ஒன்றும் வரவில்லை எனக்கு.

நாலே காலுக்கு லாரி வந்தது.
குழாயில் வாய் வைத்துப் பார்த்தேன்.
நல்ல தண்ணீர்.
வெளிச்சம்தான் போதாது.
"நாளைக்கு" என்றேன்.

மறுநாள் ஆறே முக்கால்.
நாலு பேரைக் காணோம்.
தொண்டியில் ஐம்பது ரூபாய் கூடவாம்;
முழுக் கூலி வாங்கிய கையோடு
ராத்திரியே பேசி முடித்திருக்கிறார்கள்.
திட்ட வாயெடுத்தேன்.
பாக்கியத்தாய் அதற்குள்
நேற்று நின்ற முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி
சிமெண்ட் பால் கரைத்துக்கொண்டிருந்தாள்,
பழசும் புதுசும் பிடிக்க வேண்டுமே.

இருபத்து மூன்றை அடித்துப்
பத்தொன்பது என்று எழுதினேன்.
மிஷின்காரன் தூரத்திலிருந்து
நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.
அதையும் அடித்து
இருபது என்று எழுதினேன்.